முகாமிலிருந்து எந்த நாடு? தாளைப் பார்த்து முடிவெடுக்கும் முறை

“ஊருக்குத் திரும்பிப் போறீங்களா, இங்கேயே இருந்துருவீங்களா?” தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இந்தக் கேள்விக்குத் தப்பியவர் யாருமில்லை. மலையக (இலங்கைத் தேயிலைத் தோட்டப் பகுதி) வேருள்ள குடும்பங்களுக்கோ கேள்வியே சிக்கல். பூட்டன் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கண்டிச் சீமைக்குப் போனவர். தாத்தா தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, 1977 கலவரத்தில் அடிபட்டு வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ இடம்பெயர்ந்தவர். அப்பா அங்கிருந்து படகேறி மண்டபத்தில் இறங்கியவர். பிள்ளைகள் பிறந்தது முகாமில். இதில் எது ஊர்?

மனசு சொல்வதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். சட்டப்படி நீங்கள் ஏற்கெனவே எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இதைக் குடும்பமாகப் பார்க்காமல் ஆள் ஆளாகப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ் அம்மா இலங்கைக் குடிமகளாகவும், மூத்த மகன் இந்தியக் குடிமகனாகவும், இளையவள் எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லாதவளாகவும் இருப்பது முகாமில் சாதாரணம். “நாங்க எல்லாரும் சிலோன்காரங்க” என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டு, மூத்தவனுக்கு இருந்த உரிமையையும் சேர்த்துத் தொலைத்த குடும்பங்கள் உண்டு.

ஒரு நோட்டு, ஆளுக்கு இரண்டு பக்கம்

இடது பக்கத்தில் எழுத வேண்டியவை: பிறந்த தேதி, பிறந்த இடம், அப்பா அம்மா பிறந்த இடம், அப்பாவின் அப்பா பிறந்த இடம், இந்தியா வந்த தேதி, வந்த வழி (விமானம், கப்பல், படகு), முதலில் பதிந்த முகாம், இப்போதைய முகாம், குடும்பப் பதிவு எண். வலது பக்கத்தில், இடது பக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் சான்றாக உள்ள தாள் எது என்று எழுதுங்கள். சான்றில்லாத வரிக்கு நேரே சிவப்பு மையில் ஒரு சுழி போடுங்கள். அடுத்த ஆறு மாதமோ ஒரு வருடமோ நீங்கள் செய்யப் போகும் வேலை அந்தச் சுழிகளை நிரப்புவதுதான்.

ஞாபகத்திலிருந்து தேதி எழுதாதீர்கள். முகாம் பதிவில் வயதை உத்தேசமாகச் சொன்னவர்கள் ஏராளம். பள்ளியில் சேர்க்க ஒரு வயது, பதிவில் ஒரு வயது என்று இரண்டு இருக்கும். பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியைத்தான் இரண்டு அரசுகளும் எடுத்துக்கொள்ளும்.

பிறந்த தேதி: எல்லாமே இதில்தான்

இந்தியாவில் பிறந்தவர்களுக்கு 1955 குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு மூன்று காலங்களை வகுக்கிறது.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் இந்தியக் குடிமகன். வெளிநாட்டுத் தூதர் வீட்டுப் பிள்ளை போன்ற சில விலக்குகள் உண்டு. அகதி என்பது அந்த விலக்கில் வராது. 1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் வந்த முதல் அலையில் பிறந்த குழந்தைகள் பலர் இந்தக் காலத்துக்குள் வருகிறார்கள். ஆனாலும் இன்றைக்கும் அகதி அட்டையோடுதான் நிற்கிறார்கள், ஏனென்றால் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவருக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டபோது, பிறப்பே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். நோட்டில் இந்தத் தேதிக்குள் வருகிறவர் யாராவது இருந்தால் அவர் பக்கத்தை மடித்து வையுங்கள். குடியுரிமை கேட்டு அவர் விண்ணப்பிக்க வேண்டியதே இல்லை. இருக்கிற குடியுரிமைக்குப் பாஸ்போர்ட்டும் வாக்காளர் அட்டையும் கேட்டால் போதும்.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர் என்றால், அவர் பிறந்த நேரத்தில் அப்பாவோ அம்மாவோ ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். உள்ளூர்ப் பெண்ணையோ பையனையோ கட்டிக்கொண்ட குடும்பங்கள் இங்கே கவனிக்க வேண்டும். அம்மா கும்மிடிப்பூண்டிக்காரர், அப்பா முகாம்காரர், பிள்ளை பிறந்தது 1999இல் என்றால் பிள்ளை இந்தியர். மேலே சொன்ன 1986 பிறப்புக்காரர் போன்றவர்களுக்கு 2004 டிசம்பர் 2க்குள் பிறந்த பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான்.

2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்குப் பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் இந்தியர் என்றால் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. படகில் தாளில்லாமல் வந்தவரைச் சட்டம் அந்தச் சொல்லுக்குள்தான் வைக்கிறது. அதனால் அக்காவும் தம்பியும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்து, 2003இல் பிறந்த அக்கா இந்தியராகவும், 2006இல் பிறந்த தம்பி இல்லாமலும் போகலாம். அநியாயமாகத்தான் படும். ஆனால் மனு எழுதும்போது இரண்டு பேருக்கும் ஒரே காரணத்தை எழுதினால் இரண்டுமே கெடும்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டி

மலையக வேர் உள்ளவர்கள் அடுத்துத் தேட வேண்டியது தாத்தா காலத்துத் தாள்கள்.

1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் 1964 அக்டோபர் 30இல் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு போட்டது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாகப் பேச்சு. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்து, கண்டியில் இந்தியப் பாஸ்போர்ட்டும் வாங்கி, புறப்படாமல் நின்றுபோனவர்கள் உண்டு. 1984இல் ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலும் நின்றுபோனது. அப்படி நின்றவர்களில் சிலர் பிறகு போருக்குத் தப்பிப் படகில் வந்து ‘இலங்கை அகதி’ என்று பதியப்பட்டார்கள். கையில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்த குடும்பம் இந்தியாவிலேயே அகதியானது.

ஆகவே தேடுங்கள்: பழைய இந்தியப் பாஸ்போர்ட், தாயகம் திரும்புவோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை, குடியுரிமை விண்ணப்பத்தின் ரசீது, தோட்டத்து செக்ரோல் (ஆள் வருகை, கூலிப் பதிவேடு) நகல், சேமலாப நிதி (இலங்கையின் பி.எஃப்.) அட்டை. பாஸ்போர்ட் கரையான் அரித்துப் போயிருந்தாலும் எண் உள்ள பக்கம் கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். அதே தோட்டத்திலிருந்து ஒப்பந்தப்படி வந்து கூடலூரிலோ கோத்தகிரியிலோ குடியேறிய பெரியப்பா சித்தப்பா வீடுகளிலும் கேளுங்கள். கூட்டுக் குடும்ப அட்டையில் உங்கள் அப்பாவின் பெயர் நாலாவது வரியில் இருக்கலாம்.

இலங்கைப் பிறப்புச் சான்றிதழை எடுத்ததும் தேதியை மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடாதீர்கள். அதில் தந்தையின் இனம் என்று ஒரு கட்டம் உண்டு. ‘இந்தியத் தமிழர்’ என்று இருந்தால் மலையக வேருக்கு அதுவே முதல் சான்று. வன்னிக்கு (வவுனியா, கிளிநொச்சிப் பக்கம்) இடம்பெயர்ந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்குச் சில இடங்களில் ‘இலங்கைத் தமிழர்’ என்று எழுதியிருப்பார்கள். அண்ணனுக்கு ஒன்றும் தம்பிக்கு வேறொன்றும் இருந்தால் அதை நோட்டில் குறியுங்கள். இன்னும் கீழே, பாட்டன் இலங்கையில் பிறந்தவரா, அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று கேட்கும் கட்டங்கள் இருக்கும். 1948 சட்டம் கேட்ட வம்சாவழிச் சோதனை அது. வெற்றாக இருந்தாலும் அது ஒரு செய்திதான்.

சான்றிதழ் தொலைந்திருந்தால், பிறப்புப் பதிவான பகுதியின் பிரதேச செயலகத்தில் அங்குள்ள உறவினர் மூலம் நகல் கேட்கலாம். பதிவே இல்லை என்று தெரிந்தால் ‘உத்தேச வயதுச் சான்றிதழ்’ தான் கிடைக்கும். அது வயதுக்கு உதவுமே தவிர, வம்சாவழிக்கு உதவுவது குறைவு. தோட்டப் பகுதிச் சான்றிதழ்கள் பல சிங்களத்தில் இருக்கும். சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரையோடு தமிழிலோ ஆங்கிலத்திலோ மாற்றி வாங்குங்கள். தெரிந்தவர் எழுதிக் கொடுத்த மொழிபெயர்ப்பை எந்த மேசையிலும் வாங்க மாட்டார்கள்.

இந்தியா என்று முடிவானால்

பிறப்பால் குடியுரிமை இல்லாதவருக்குச் சட்டத்தில் இரண்டு கதவுகள். 5ஆம் பிரிவின்படி பதிவு: இந்திய வம்சாவழியினரும், இந்தியக் குடிமகனை மணந்தவரும் 7 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருந்தால் கேட்கலாம். 6ஆம் பிரிவின்படி இயல்புரிமை: விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் தொடர்ச்சியாகவும், அதற்கு முன்னான 14 ஆண்டுகளில் மொத்தம் 11 ஆண்டுகளும் வாழ்ந்திருக்க வேண்டும். முகாமில் 35 வருடம் இருந்தவர்களுக்குக் காலம் ஒரு தடையே அல்ல. தடை ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல். இரண்டு கதவுகளிலும் அதே பூட்டுதான். 2019 திருத்தம் அந்தப் பூட்டை ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் சில மதத்தவருக்குத் திறந்துவிட்டது. இலங்கை அதில் இல்லை.

ஆகவே வெறும் விண்ணப்பம் போதாது. மலையக வேர் உள்ளவர்களுக்கு இருக்கும் பிடி, 2019 ஜூன் 17இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கொடுத்த தீர்ப்பு. விண்ணப்பங்களை ஆட்சியர் மேலே அனுப்பவும் மத்திய அரசு பரிசீலிக்கவும் அது சொன்னது. ‘கொடு’ என்று சொல்லவில்லை, ‘பரிசீலி’ என்றது. இந்த வேறுபாட்டை முகாமில் பலர் விழுங்கிவிட்டுப் பேசுகிறார்கள்.

2025 செப்டம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு. இது குடியுரிமை அல்ல. வழக்கறிஞர் வாதாடப் பயன்படும் ஒரு புதிய பிடி, அவ்வளவே. 2022 பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடி வந்து இறங்கியவர்களுக்கு இது பொருந்தாது.

மனுவோடு வைக்க வேண்டியவை: வந்த நாளில் பதிந்த முகாம் ஆவணத்தின் நகல், பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ்கள் வரிசையாக, தாத்தாவின் தாள்கள், திருமணச் சான்றிதழ், தங்கிய ஆண்டுகளைக் காட்டும் தாசில்தார் சான்று. கோயிலில் தாலி கட்டியதோடு விட்டவர்கள் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி முதலில் பதிந்துகொள்ளுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறாமல் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருந்தால் அதையும் இப்போதே சரி செய்யுங்கள்.

இலங்கை என்று முடிவானால்

முதல் படி சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளைகளின் பிறப்பைப் பதிவது. இந்தியாவில் பிறந்த பிள்ளை, பெற்றோர் இலங்கையர் என்பதால் மட்டும் தானாக அந்த நாட்டுக் கணக்கில் ஏறிவிடாது, பதிந்தால்தான் ஏறும். பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிவது நல்லது. தாண்டினால் அபராதம் சேரும், தாள்களும் கூடுதலாகக் கேட்பார்கள். பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ், பெற்றோரின் இலங்கை அடையாள அட்டை அல்லது பழைய பாஸ்போர்ட், முகாம் அட்டை நகல் ஆகியவை அடிப்படை.

பெற்றோரே நாடற்றவர்கள் என்றால்? 2003இன் 35ஆம் எண் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவழியினருக்கும் அவர்கள் வம்சத்துக்கும் இலங்கைக் குடியுரிமை கொடுத்தது. தொடர்ந்து அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இந்தியா வந்துவிட்டவர்களை மறித்தது. 2009இல் வந்த திருத்தம் அவர்களுக்கும் வழிவிட்டது. பழைய ஒன்பது எண் அடையாள அட்டை இருந்தால் கடைசி எழுத்தைப் பாருங்கள். ‘வீ’ (V) என்றால் வாக்குரிமை உள்ளவர், ‘எக்ஸ்’ (X) என்றால் இல்லாதவர். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பிறகு பயணத் தாள், மாவட்ட நிர்வாகத்தின் வெளியேறும் அனுமதி, கியூ பிரிவின் (தமிழ்நாடு காவல்துறையின் உளவுப் பிரிவு) தடையின்மைச் சான்று, முகாம் கணக்கு முடித்தல். ‘போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்’ என்பது முகாம் பதிவில் உள்ளவருக்கு வழியில்லை. போனால் பெயர் வெட்டப்படும், திரும்ப வர விசா வேண்டும். அதனால் போகும் முன் பார்க்க வேண்டியதை அங்குள்ளவர்களை வைத்துப் பாருங்கள்: காணி (நிலம்) உறுதிக் காணியா (கிரயப் பத்திரம் உள்ளதா), பேர்மிட் காணியா (அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்ததா), இப்போது யார் இருக்கிறார்கள், வனத்துறையோ படையோ எல்லைக்கல் போட்டிருக்கிறதா. இலங்கைச் சட்டத்தில் இன்னொருவர் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டால் ஆட்சி உரிமை கோரலாம். போருக்காக ஓடியவர்களுக்கு 2016இல் கொடுத்த சிறப்புச் சலுகையின் காலமும் முடிந்துவிட்டது. கிராம அலுவலரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். ‘உங்க காணி அப்படியே கிடக்குது’ என்று தொலைபேசியில் சொல்லும் சொந்தக்காரர்தான் சில நேரம் அதில் தென்னம்பிள்ளை வைத்திருப்பார்.

இன்னொன்று. 2025 மே மாதக் கடைசியில், அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பின் உதவியோடு திரும்பி யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் இறங்கிய முதியவர் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் முறையான வழியில் நாட்டை விட்டுப் போகவில்லை என்று குடிவரவு குடியகல்வுச் சட்டத்தில் கைதானார். டிக்கெட் போடும் முன் இன்றைய நிலை என்ன என்று தூதரகத்திடமும், திரும்புதலுக்கு உதவும் அமைப்பிடமும் எழுத்தில் கேளுங்கள். சென்னையிலுள்ள ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்தத் தாள் வேலையில் பழகியது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வாசல்

இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்த மலையக வம்சாவழியினருக்கு இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன் அட்டை (ஓ.சி.ஐ.) ஒரு வழி. இந்தியக் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்த முன்னோரின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரை கேட்கலாம். ஆயுள் முழுக்க வந்துபோகலாம், தங்கலாம், வேலை பார்க்கலாம். வாக்குரிமை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. சிக்கல் எங்கே என்றால், பூட்டன் இன்ன ஊரில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். தோட்டத்துப் பதிவில் ‘திருச்சி ஜில்லா’ என்று மட்டும் இருக்கும். குலதெய்வக் கோயில் எந்த ஊரில் என்று பெரியவர்களிடம் கேட்டு, அந்த ஊர் நிலப் பதிவேட்டில் வம்சப் பெயரைத் தேடுவது சில குடும்பங்களுக்குப் பலன் தந்திருக்கிறது.

கெடுவது எங்கே

ஆதார் குடியுரிமைச் சான்று அல்ல, இங்கே வசிக்கிறார் என்பதற்கு மட்டும் சான்று. ஆதாரைக் காட்டிப் பெற்றோர் பிறந்த இடத்தை மறைத்துப் பாஸ்போர்ட் வாங்கித் தருகிறேன் என்று தரகர் வந்தால் விரட்டிவிடுங்கள். பொய்த் தகவலோடு வாங்கிய பாஸ்போர்ட் பறிமுதலாகும், வழக்கு வரும், உண்மையாக இருந்த பிறப்புரிமைக் கோரிக்கையும் சந்தேகத்துக்குள்ளாகும்.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்து பிறப்பால் இந்தியரானவர், 18 வயதுக்குப் பிறகு இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்தால் 9ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்ததையே விதிகள் சான்றாக எடுத்துக்கொள்கின்றன. ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று இரண்டு பக்கமும் விண்ணப்பிக்கக் கூடாதவர் இவர்தான். நோட்டில் மடித்து வைக்கச் சொன்ன பக்கம் இதற்காகத்தான்.

பெயர் எழுத்து. தமிழ்நாட்டில் அப்பா பெயர் ஒற்றை எழுத்தாக முன்னால் நிற்கும். இலங்கையில் முழுப் பெயராக எழுதுவார்கள். ‘மு. கந்தசாமி’யும் ‘முனியாண்டி கந்தசாமி’யும் ஒரே ஆள் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எடுத்து எல்லா மனுவிலும் அதே பத்திரத்தின் நகலையே வையுங்கள். ஆளுக்கு ஆள் வேறு வேறு பத்திரம் போட்டால் குழப்பம் கூடும்.

முகாமுக்குக் கணக்கெடுக்க வருபவர்கள் நீட்டும் படிவத்தில் ‘திரும்ப விருப்பம் / இங்கேயே விருப்பம்’ என்று இரண்டு கட்டம் இருந்தால் அன்றே டிக் போடாதீர்கள். படிவத்தைப் படம் எடுத்துக்கொண்டு, யாருக்காக, எதற்காக என்று கேட்டு, குடும்பத் தலைவர் எல்லோர் சார்பிலும் கையெழுத்திடாமல், 18 வயது தாண்டியவர் தனித்தனியாகப் போடும்படி பாருங்கள்.

வீட்டுக்குள் பேச வேண்டியது

தாள் வேலை முடிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசலாம். கேள்வியைப் பெரிதாக வைத்தால் பாட்டி அழுவார், பையன் போனைப் பார்ப்பான். சின்னதாக வையுங்கள். பிள்ளை படிக்கும் படிப்புக்கு எங்கே வேலை, அங்கே சிங்களம் தெரியாமல் எவ்வளவு தூரம் போகலாம், இங்கே அரசு வேலைக்கு வழி உண்டா, பெண்ணுக்கு எங்கே சம்பந்தம் பார்க்கப் போகிறோம், வயதானவரின் மருந்துச் செலவு யார் பொறுப்பு, யார் கல்லறை எந்த மண்ணில் இருக்கிறது. முகாமில் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று 2021இல் உயர்த்திய மாதப் பணக்கொடை, இலவச அரிசி, வீடு எல்லாம் நின்றால் கையில் எத்தனை மாதத்துக்குக் காசு இருக்கிறது என்பதையும் அன்றைக்கே எழுதுங்கள்.

எல்லோரும் ஒரே பக்கம் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. பாட்டியும் சித்தப்பாவும் வன்னிக்கும், பிறப்பால் இந்தியரான மகன் இங்கேயும் என்று பிரிந்தால், பிரியும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கும்: இரண்டு பக்கத்து எல்லாத் தாள்களுக்கும் சான்றொப்பமிட்ட நகல் இரண்டு செட். ஒன்று இங்கே, ஒன்று அங்கே. மூலப் பிறப்புச் சான்றிதழ் யாருடையதோ அவர் கையில். நோட்டும் இரண்டாக நகலெடுக்கப்பட வேண்டும், சிவப்புச் சுழிகள் உட்பட.